பேருந்துக்குத் தனித்தடம்: ஊரார் ஐயங்களும் அவற்றின் விடைகளும்

நகரச் சாலையொன்றில் பேருந்துக்கென்று தனித்தடம் அமைக்கப்போவதாக அறிவிப்பு வருமாயின், அச்சாலையின் இருமருங்கிலும் குடியிருப்போரிடையே மகிழ்ச்சிக்கு முன் ஐயமே எழுகின்றது. கார் செல்லும் இடம் குறைந்துவிடுமோ, கடைக்கு வருவோர் நின்றுவிடுவரோ, முதியோர் சாலையைக் கடப்பதெப்படி, இருந்த பேருந்தும் போய்விடுமோ என்று பலரும் பலவாறு வினவுவர். திட்டம் வகுப்போர் இவ்வினாக்களை அறியாமை என்று ஒதுக்குவதுண்டு. ஊராரும் திட்டம் முழுவதையுமே கேடு என்று ஒதுக்குவதுண்டு. இரண்டும் முறையல்ல.

ஊரார் எடுத்துரைக்கும் குறைகள் யாவும் ஓரினத்தவை அல்ல. சில, விளக்கம் கிடைத்த அளவில் நீங்குவன. சில, வரைபடத்தை மாற்றினாலன்றி நீங்காதன. சில, இழப்பீடு கொடுத்தாலன்றித் தீராதன. இம்மூன்றையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் விளக்கமே விடையென்று நினைத்த இடங்களில் நல்ல திட்டங்களும் வீழ்ந்தன. அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பதை இங்குக் காணலாம்.

தனித்தடம் என்பது யாது?

சாலையோரத்தில் மஞ்சள் கோடு ஒன்றை இழுத்துப் 'பேருந்து மட்டும்' என்று எழுதிவிடுவது தனித்தடம் ஆகாது. முழுமையான விரைவுப் பேருந்து முறைக்கு நான்கு உறுப்புகள் வேண்டும். முதலாவது, பிற வண்டிகள் புகாதவாறு பிரிக்கப்பட்ட பாதை. இரண்டாவது, பேருந்தின் தளமும் நிலையத்தின் மேடையும் ஒரே உயரத்தில் அமைதல். மூன்றாவது, ஏறுமுன்பே கட்டணம் செலுத்துதல். நான்காவது, கால அட்டவணையைப் பாராமலே சென்று நிற்கலாம் என்னும் அளவுக்கு அடிக்கடி பேருந்து வருதல்.

இவற்றுள் மூன்றாவது உறுப்பின் பயன் எளிதில் புலப்படுவதன்று. முப்பது பேர் ஒரு நிறுத்தத்தில் காத்திருக்கின்றனர் என்று கொள்வோம். ஒரே வாயிலில் ஏறி, ஒவ்வொருவரும் ஓட்டுநரிடம் கட்டணம் செலுத்த 4 விநாடி ஆகுமாயின், பேருந்து அங்கே 2 நிமிடம் நின்றாக வேண்டும். கட்டணம் முன்னரே செலுத்தப்பட்டு, மூன்று அகன்ற வாயில்கள் மேடையோடு சமமாகத் திறக்குமாயின், அதே முப்பது பேரும் கால் நிமிடம் முதல் அரை நிமிடத்துக்குள் ஏறிவிடலாம். பத்து நிறுத்தங்கள் உள்ள வழியில் இவ்வொரு மாற்றமே 15 நிமிடத்தை மிச்சப்படுத்திவிடும். ஆதலின், பேருந்தின் விரைவு அது ஓடும் வேகத்தைவிட அது நிற்கும் நேரத்தையே பெரிதும் சார்ந்தது என்க.

இம்முறைக்கு வழிகாட்டிய நகரம் தென்னமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டின் குரிட்டிபா. அங்கு நகரத் தலைவராயிருந்த ஜைமி லெர்னர் காலத்தில், 1974ஆம் ஆண்டில் தனித்தடப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பின்னர்க் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 2000ஆம் ஆண்டு டிசம்பரிலும், ஜக்கார்த்தாவில் 2004ஆம் ஆண்டு ஜனவரியிலும், குஜராத்திலுள்ள அகமதாபாத்தில் 2009ஆம் ஆண்டு அக்டோபரிலும் இம்முறை வந்தது. அகமதாபாத்தில் அதற்கு இட்ட பெயர் 'ஜன்மார்க்' என்பதாகும். மக்கள் வழி என்பது அதன் பொருள்.

மலேசியாவின் முதல் தனித்தடம், 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறக்கப்பட்ட சன்வே தடமாகும். அது செத்தியா ஜெயாவிலிருந்து யு.எஸ்.ஜே. 7 வரை 5.4 கிலோமீட்டர் நீளமும் 7 நிலையங்களும் உடையது. மின்சாரப் பேருந்துகளோடு தொடங்கிய அத்தடம் தரையில் செல்லவில்லை. தூண்களின்மேல் மேம்பாலமாகச் செல்கின்றது. அதனால் கீழுள்ள சாலையில் கார்களுக்குரிய இடம் பறிபோகவில்லை. ஆனால் அதற்கு ஏறத்தாழ 634 மில்லியன் வெள்ளி செலவாயிற்று. தனித்தடத்தின் தலையாய சிறப்பே இரயிலைவிடக் குறைந்த செலவில் அமைவது என்பர். தடத்தை மேலே தூக்கினால் அச்சிறப்புக் குறைகின்றது. தரையில் வைத்தாலோ சாலையில் இடம் கேட்கின்றது. தகராறு தொடங்குவது இவ்விடத்திலேதான்.

வெற்றிடம் என்னும் தோற்றம்

விளக்கத்தால் நீங்கும் குறைகளுள் முதன்மையானது, "பேருந்துத் தடம் காலியாகக் கிடக்கின்றது, பக்கத்தில் கார்கள் நெருங்கி நிற்கின்றன, இது வீண் அல்லவா?" என்பது. கண்ணால் கண்டதையே கூறுவதால் இக்குறை எவர் மனத்திலும் எளிதில் பதிந்துவிடும். ஆயினும் சிறு கணக்கொன்று அதன் உண்மையைக் காட்டும்.

ஒரு தடத்தில் 2 நிமிடத்துக்கு ஒரு பேருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்க. ஒரு நிமிடத்தில் அது அரைக் கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒரு பேருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே 1 கிலோமீட்டர் தொலைவு இருக்கும். சாலையோரத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அத்தடம் பெரும்பொழுதும் வெறுமையாகவே தோன்றும். ஆனால் மணிக்கு 30 பேருந்துகள். பேருந்துக்கு 60 பேர். ஆக 1,800 பேர் அத்தடத்தின் வழியே சென்றிருப்பர். அதே 1,800 பேரும், காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் செல்வாராயின், 1,200 கார்கள் வேண்டும். நெரிசல் மிகுந்த நகரச் சாலையின் ஒரு தடம் அத்தனை கார்களை ஒரு மணி நேரத்தில் தாங்குவது அரிது.

எனவே, நிரம்பி வழிவது போன்ற தடம் குறைந்த தொகையினரையும், வெறுமை போன்ற தடம் மிகுந்த தொகையினரையும் கொண்டு செல்லக் கூடும். இதனை விளக்கப் பேச்சு வேண்டியதில்லை, கணக்கே போதும். ஆனால் ஒன்று மறத்தலாகாது. மேலே கண்ட கணக்கு, பேருந்து உண்மையிலேயே 2 நிமிடத்துக்கு ஒருமுறை, 60 பேருடன் வந்தால் மட்டுமே பொருந்தும். அரை மணிக்கு ஒருமுறை, பத்துப் பேருடன் வருமாயின் மணிக்கு 20 பேரே செல்வர். அப்போது ஊரார் கூறும் குறை முற்றும் மெய்யாகும். ஆதலால், "தடம் வேண்டுமா?" என்பதற்கு முன் "எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து?" என்று வினவுவதே அறிவுடைமை.

டில்லியில் நிகழ்ந்தது

விளக்கம் மட்டும் போதாது என்பதற்கு டில்லி சான்று. அங்கு அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள தனித்தடம் 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் சோதனை முறையில் திறக்கப்பட்டது. பேருந்துத் தடம் சாலையின் நடுவில். கார்களும் பிற வண்டிகளும் அதற்கு வெளிப்புறம். அதற்கும் அப்பால் மிதிவண்டிக்கும் நடப்போர்க்கும் உரிய வழிகள். டில்லித் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த போக்குவரத்து அறிஞர்கள் இதன் கருத்தமைப்பில் பெரும்பங்கு கொண்டனர். கருத்தளவில் அது நேர்மையானது. அச்சாலையில் வண்டிகளை எண்ணினால் பேருந்துகள் மிகச் சிலவே; மக்களை எண்ணினால் பேருந்தில் செல்வோரே மிகுதி. மிகுதியான மக்களுக்குச் சாலையில் ஒரு பங்கு தருவது தவறாகுமா?

ஆயினும் நடைமுறையில் இடர்கள் தோன்றின. சந்திப்புகளில் விளக்குகள் நெடுநேரம் சிவப்பாகவே நின்றன. கார்கள் வரிசை நீண்டது. நடுவிலுள்ள நிறுத்தத்தை அடையப் பயணிகள் கார்த் தடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. மிதிவண்டி வழியில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. தடத்தைக் காக்கத் தனிக் காவலர்களை நிறுத்த நேர்ந்தது.

2012ஆம் ஆண்டில் வழக்கு டில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. பேருந்துத் தடத்தில் எல்லா வண்டிகளையும் விடுமாறு வழக்குத் தொடுத்தோர் கோரினர். இடைக்காலத்தில் அவ்வாறு விடப்பட்டதும் உண்டு. எனினும் அவ்வாண்டு அக்டோபரில் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. தனித்தடம் வென்றது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 2015ஆம் ஆண்டில் டில்லி அரசு அதனை நீக்க முடிவு செய்து, 2016ஆம் ஆண்டில் இடித்துவிட்டது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? டில்லித் தடத்தை எதிர்த்தோர் அனைவரும் காரில் செல்லும் வசதியினர் என்று கூறுதல் எளிது. அது பாதி உண்மையே. கடப்பதற்கு அஞ்சிய பேருந்துப் பயணியின் குறையும், தன் இடம் போயிற்றென்று சினந்த காருடையாரின் குறையும் ஒரே கூச்சலாகக் கலந்துவிட்டன. முதற்குறைக்கு விளக்கும் கடவையும் திருத்தம் பெற்றிருக்க வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கு காட்டியிருக்க வேண்டும். பேருந்துப் பயணிகள் தம் தடத்தைத் தாமே உவந்து காக்கும் நிலை உருவாகவில்லை. ஆகவே அது வீழ்ந்தபோது அதற்காக உரத்துப் பேசியவர் சிலரே. நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி தெருவில் நிலைக்கவில்லை.

வரைபடம் மாற வேண்டிய குறைகள்

வரைபடத்தைத் திருத்தினாலன்றி நீங்காத குறைகள் நான்கு.

முதலாவது, கடத்தல். நிறுத்தம் சாலையோரத்தில் இருக்குமாயின், ஒருவர் போகும்போது கடக்க வேண்டுவதில்லை. திரும்பும்போது சாலை முழுவதையும் கடப்பர். நிறுத்தம் நடுவில் இருக்குமாயின், போகும்போது பாதி, வரும்போது பாதி. ஆகக் கூட்டினால் தொலைவு ஒன்றே என்று திட்டத்தார் விடை கூறுவர். அது சரியே. ஆனால் நடு நிறுத்தத்தில் கடவாமல் ஏறுவோர் ஒருவரும் இலர். பேருந்து வருவதைக் கண்டு ஓடிக் கடப்போரும் உண்டு. எனவே கடவையின் தரமே உயிரைக் காப்பது. 30 மீட்டர் அகலமுள்ள சாலையை, விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவர் கடக்க ஏறத்தாழ 38 விநாடி வேண்டும். பச்சை விளக்கு 20 விநாடியே எரியுமாயின், அவர் நடுச்சாலையில் அகப்படுவார். இதற்கு எத்துணை விளக்கவுரை ஆற்றினும் பயனில்லை. விளக்கின் நேரத்தை நீட்டுவதோ நடுவில் நின்று இளைப்பாறும் திட்டு அமைப்பதோதான் விடை.

இரண்டாவது, நிறுத்தங்களின் இடைவெளி. விரைவு வேண்டுமாயின் நிறுத்தங்கள் குறைய வேண்டும். சன்வே தடத்தில் 5.4 கிலோமீட்டருக்கு 7 நிலையங்கள். அதாவது 6 இடைவெளிகள். சராசரி 900 மீட்டர். பழைய பேருந்து 300 மீட்டருக்கு ஒருமுறை நிற்குமாயின், சாலையோரமாக எவரும் 150 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. 900 மீட்டர் இடைவெளியில் 450 மீட்டர் வரை நடக்க நேரிடும். இளைஞருக்கு அது பொருட்டன்று. மேற்கூறிய முதியவருக்கோ 6 நிமிடத்துக்கும் மேலான கூடுதல் நடை. மலேசிய வெயிலிலும் மழையிலும் அது சிறிதன்று. மருத்துவமனை, சந்தை, பள்ளி ஆகியவற்றின் முன்னர் நிலையத்தை வைப்பதும், நடைவழிக்குக் கூரையிடுவதும் இதற்கு மருந்து.

மூன்றாவது, திருப்பங்கள் அடைபடுதல். நடுவில் தடம் ஓடுமாயின், குறுக்குத் தெருவிலிருந்து வலப்புறம் திரும்பும் வாயில்கள் பல மூடப்படும். எதிர்ப்பக்கத்துக் கடைக்குச் செல்பவர் நெடுந்தூரம் சென்று வளைந்து வர வேண்டியிருக்கும். சிலர் அதனைத் தவிர்க்கக் குடியிருப்புகளின் உட்தெருக்களில் புகுவர். குழந்தைகள் விளையாடிய தெரு குறுக்கு வழியாகிவிடும். எந்த வாயில் மூடும், எது திறந்திருக்கும் என்பதைத் தெருத்தெருவாகக் காட்டும் வரைபடம் இல்லாமல் ஊராரிடம் ஒப்புதல் கேட்பது பொருளற்றது.

நான்காவது, பழைய பேருந்தின் கதி. தனித்தடம் வந்தபின், முன்னர் வீட்டருகிலிருந்து நேரே நகருக்குச் சென்ற பேருந்து, நிலையம் வரை மட்டும் செல்லும் இணைப்புப் பேருந்தாகச் சுருக்கப்படுவதுண்டு. ஒரு பயணம் இரண்டாகும். இரண்டாவது பேருந்துக்குத் தனிக் கட்டணம் வாங்கப்படுமாயின், விரைவு கிடைத்தும் ஏழைக்கு அது இழப்பே. ஒரே கட்டணத்தில் மாறிச் செல்லும் உரிமை முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும்.

இம்முறை பெற்றும் மக்கள் வெறுப்படைவதுண்டு. பொகோட்டாவில் தனித்தடம் உலகப் புகழ் பெற்றது. எனினும் 2012ஆம் ஆண்டு மார்ச்சில், நெரிசலும் கட்டணமும் பொறுக்க இயலாமல் பயணிகள் கிளர்ந்தெழுந்து நிலையங்களை மறித்தனர். தடம் அமைத்ததோடு கடமை முடியவில்லை. பேருந்துகளின் எண்ணிக்கை மக்களோடு வளர வேண்டும் என்பதையே அது காட்டிற்று.

இழப்பீட்டால் தீர்வன

எஞ்சியவை பொருளிழப்புப் பற்றியன. சாலை அகலும்போது வீட்டு முகப்போ மதிலோ நிலமோ போகலாம். மலேசியாவில் இதற்கு 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் வழி வகுக்கின்றது. நிலமுடையோர் இழப்பீடு பெறுவர். தொகை போதாதெனில் நீதிமன்றத்தை நாடலாம்.

ஆனால் நிலப்பட்டா இல்லாதார் நிலை வேறு. சாலையோரத்தில் தள்ளுவண்டி வைத்துப் பலகாரம் விற்பவர், வாடகைக் கடையில் பூமாலை கட்டுபவர், முடிதிருத்துபவர் ஆகியோர் ஓரடி நிலமும் இழப்பதில்லை, வருவோரை இழக்கின்றனர். கட்டுமான வேலை ஓராண்டு நீளுமாயின், அவ்வோராண்டில் சிறுகடை மூடப்பட்டுவிடும். தடம் திறந்தபின் வரும் கூட்டம் வேறொருவர் கடைக்கே பயன்படும். ஆகவே வேலையைச் சிறுசிறு பகுதிகளாக முடித்தல், இடைக்காலத்தில் மாற்றிடம் தருதல், வாடகையில் சலுகை அளித்தல் ஆகியவை திட்டச் செலவிலேயே சேர வேண்டியவை. இவை அருளாகத் தரப்படுவன அல்ல. திட்டத்தின் உண்மையான விலையில் ஒரு பகுதியே.

பேசுவோரும் பேசாதோரும்

இத்தகைய கூட்டங்களில் எழுந்து பேசுவோர் யாவர்? பெரும்பாலும் வீடும் காரும் உடையோர். அவர்கள் குறையும் கேட்கத்தக்கதே. ஆனால் பேருந்தையே நம்பியிருப்போர் கூட்டத்துக்கு வருதல் அரிது. மாலைக் கூட்டம் முடிந்தபின் வீடு திரும்ப அவர்களுக்குப் பேருந்து இராது. தனித்தடத்தால் மிகுந்த பயன் பெறுவோரும், அது பிழைபடின் மிகுந்த துன்பம் அடைவோரும் அவர்களே. அவர்கள் குரல் இல்லாமல் எடுக்கும் முடிவு எப்பக்கம் சாய்ந்தாலும் குறையுடையதே.

ஆயர் தாவார் போன்ற சிற்றூர்களுக்கு இதனால் ஆவதென்ன என்று வினவலாம். பேராக்கின் மஞ்சோங் மாவட்டத்துக்கு இரயில் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பேருந்து நிரம்பும் அளவுக்கு அங்கு மக்கள் நெருக்கமும் இல்லை. எனவே தனித்தடம் அவ்வூருக்கு வேண்டுவதன்று. ஆனால் சாலை மாறும்போது எழும் வினாக்கள் சிற்றூருக்கும் பெருநகருக்கும் ஒன்றே. இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் போனபின், தொழிலாளர் குடும்பங்கள் பல சிறுபட்டணங்களின் தாமான்களில் குடியேறின. முன்பு பள்ளியும் கோயிலும் மருந்தகமும் தோட்டத்திற்குள் நடை தொலைவில் இருந்தன. இன்று மருத்துவத்துக்கு ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்கோ ஈப்போவுக்கோ செல்ல வேண்டும். காரில்லாத முதியவருக்குப் பேருந்து வரும் நேரமே மருத்துவர் பார்க்கும் நேரத்தை முடிவு செய்கின்றது. நெடுஞ்சாலை அகன்றாலும், நடுத்தடுப்பு எழுந்தாலும், ஒரு நிறுத்தம் இடம் மாறினாலும், முதலில் தாக்குவது அவரையே.

குறையைக் கேட்கும் முறையும் சட்டத்தில் ஓரளவு உண்டு. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு நிலப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி இரயில் திட்டமொன்றை மூன்று மாதம் மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். 1976ஆம் ஆண்டு நகர் நாட்டுப்புறத் திட்டச் சட்டம், உள்ளூர்த் திட்டங்களின் வரைவு குறித்து மக்கள் கருத்துரைக்க இடந்தருகின்றது. இரயிலுக்கு வகுத்த பொறுமை பேருந்துத் தடத்துக்கும் சாலை மாற்றத்துக்கும் தகுந்ததே.

மனு எழுதும் முறை

கருத்துரைப்பதிலும் ஒரு முறையுண்டு. "எங்களுக்கு இத்திட்டம் வேண்டா" என்னும் மனுவுக்கு, "பொதுநலத்துக்கு வேண்டும்" என்ற ஒரே வரியில் விடை எழுதிவிடலாம். "இன்ன பள்ளியின் முன் சாலை 30 மீட்டர் அகலம், காலை 7 மணிக்கு இத்தனை குழந்தைகள் கடக்கின்றனர், விளக்கு 20 விநாடி, 38 விநாடி வேண்டும்" என்னும் மனுவை அங்ஙனம் தள்ளிவிட இயலாது. அதற்கு விடையெழுத வேண்டுமாயின், அதிகாரி அவ்விடத்துக்கு வந்து அளந்தாக வேண்டும். இடம், நேரம், தொகை, வேண்டும் மாற்றம் ஆகிய நான்கும் அமைந்த மனுவே வலிமையுடைய மனு.

அவ்வளவைகளை எடுக்கப் பெரும்பட்டம் வேண்டுவதில்லை. உயர்வகுப்பு மாணவர் ஆசிரியருடன் நடைபாதையில் நின்று, ஒரு மணி நேரத்தில் செல்லும் வண்டிகளை ஒரு நிரலிலும், அவற்றுள் செல்லும் மக்களை மற்றொரு நிரலிலும் குறிக்கலாம். முதியவர் ஒருவர் கடக்கும் நேரத்தைக் கடிகாரங்கொண்டு அளக்கலாம். நிறுத்தத்துக்கும் மருத்துவமனை வாயிலுக்கும் இடையேயுள்ள தொலைவை அடியெண்ணிக் காணலாம். கணக்கும் மொழியும் ஒருங்கே பயிலும் பாடம் அது. வண்டிகளின் நிரலும் மக்களின் நிரலும் வேறுபடுவதை ஒருமுறை தம் கையால் எழுதிக் கண்ட மாணவர், பிற்காலத்தில் எந்தச் சாலைத் திட்டத்தையும் வெறும் கூச்சலால் எதிர்க்கவும் மாட்டார். வெறும் புகழுரையால் ஏற்கவும் மாட்டார்.

பண்டைத் தமிழில் 'ஆறு' என்னும் சொல் வழியையும் குறித்தது. பரிசில் பெற்று மீள்பவன், எதிர்ப்படும் வறியவனுக்குத் தான் சென்ற வழியின் இயல்பைக் கூறி அவனைச் செலுத்துவது ஆற்றுப்படை. அங்கே வழிகூறும் தகுதி, அவ்வழியில் நடந்தவனுக்கே உரியது. இன்றும் ஒரு சாலையின் மேடு பள்ளத்தையும், எந்த வேளையில் எங்கே குழந்தைகள் ஓடிக் கடப்பர் என்பதையும் அறிந்தவர் அங்கே நாள்தோறும் நடப்பவரே. பேருந்துத் தடம் வகுக்கும் பொறியியலார்க்குக் கணக்கு தெரியும், அந்நடை தெரியாது. ஊராருக்கு நடை தெரியும். கணக்கு எட்டாமற் போகலாம். மை உலருமுன் இருவரும் ஒரே வரைபடத்தின் முன் அமர்வாராயின், டில்லியில் இடிக்க நேர்ந்தது போன்ற தடங்கள் கட்டப்படாமலே போகும். கட்டப்படுபவை நிலைத்து நிற்கும்.